பழைய கணினிகளுக்கான ஜென்டூவைப் புதிய கணினியில் தொகுக்கும்போது எந்தக் கம்பைலர் விருப்பங்கள் பொருந்தும்?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் பழைய கணினிகளுக்காக, பாலக்காட்டிலுள்ள தங்கள் புதிய கணினியில் மூலநிரலிலிருந்தே தொகுத்து நிறுவும் இயங்குதளமான ஜென்டூ லினக்ஸைத் தொகுக்கும்போது 'மார்ச்=நேட்டிவ்' என்ற கம்பைலர் விருப்பம் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தாது. அந்த விருப்பம், தொகுப்பு நடக்கும் கணினியின் செயலியில் உள்ள ஆணைகள் அனைத்தையும் பயன்படுத்த, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரை அனுமதிக்கிறது. ஒரே ஆணையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 ஆணைகளை இன்டெல் 2013இல் வந்த ஹாஸ்வெல் செயலிகளில்தான் அறிமுகப்படுத்தியதால், அவற்றைக் கொண்ட நிரல் அதற்கு முந்தைய இன்டெல் கணினியில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பிழையுடன் நின்றுவிடும்.

ஆகவே அங்குள்ள செயலிகள் பலவகையாக இருந்தால், தொகுப்பு அமைப்புகளைக் கொண்ட மேக்.கான்ஃப் கோப்பில் 'மார்ச்=எக்ஸ்86-64' என்ற அடிப்படை மதிப்பையே கொடுங்கள்; 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகள் எல்லாவற்றிலும் அது ஓடும். செயலியின் சிறப்பு ஆணைகளைப் பட்டியலிடும், பலரும் மறந்துவிடுகிற சிபியூ_ஃபிளாக்ஸ்_எக்ஸ்86 மாறியையும் மிகப் பழைய செயலிக்கு ஏற்பவே நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதே பிழை வேறு வழியில் வந்துசேரும்.

மற்றபடி நிரலை வேகப்படுத்தும் 'ஓ2', தொகுப்பின்போது தற்காலிகக் கோப்புகளைத் தவிர்க்கும் 'பைப்' ஆகிய விருப்பங்களே போதும் என்பதே என் உறுதியான கருத்து. இன்னும் வேகத்தைத் தேடும் 'ஓஃபாஸ்ட்' விருப்பம் மிதவைப்புள்ளிக் (தசம எண்) கணக்கின் விதிகளைத் தளர்த்துவதால், முழு இயங்குதளத்துக்கும் அதை வைப்பது ஆபத்தானது. ஒரே நேரத்தில் ஓடும் தொகுப்புப் பணி ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி நினைவகம் என்று கணக்கிடுங்கள்; கோர்கள் 8 இருந்தாலும் நினைவகம் 8 ஜிபி என்றால் 4 பணிகளே வையுங்கள்.