குரங்கு கடித்தாலும் நாய்க்கடி ஊசிதான்

கேள்வி: ஏற்காடு போயிருந்தோம் டாக்டர். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தியபோது என் எட்டு வயது மகன் குரங்குக்குச் சிப்ஸ் நீட்டினான். அது பாக்கெட்டோடு பிடுங்கியதில் புறங்கையில் பல் பட்டு லேசாக ரத்தம். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். நாலு நாளில் காயம் ஆறிவிட்டது. நாய் கடித்தால்தானே ஊசி என்கிறார் என் கணவர். (வாசகி, சேலம்)

பதில்: உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றைக்கே "இப்போதே கிளம்புங்கள்" என்று பதில் போட்டுவிட்டேன், இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக. ரேபிஸ் நாய்க்கு மட்டும் சொந்தமான நோய் இல்லை அம்மா. குரங்கு, நரி, கீரி என்று ரத்தம் வரக் கடித்தது எதுவானாலும் ஊசி உண்டு. காயம் ஆறியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கும், அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால்தான் நாலு நாள் தாமதமானாலும் போடச் சொல்கிறோம்.

கடித்த உடனே செய்ய வேண்டியது, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம் (மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்). ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் புரதம்) தேவைப்படும், மறக்காமல் கேளுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான், பெரும்பாலும் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). அப்புறம், கடித்தது பத்து நாள் நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாம் என்ற கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், அங்கேயும் முதல் ஊசியை உடனே போட்டாக வேண்டும். ஏற்காட்டுக் குரங்கை எங்கே போய்த் தேடுவீர்கள்?

கேள்வி: எங்கள் கொய்யாவில் ராத்திரி வௌவால் கடித்துப் போடுகிறது. கடித்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? நிபா பயத்தில் மரத்தையே வெட்டச் சொல்கிறார்கள். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பழத்தைக் குப்பையில் போடுங்கள், மரத்தை விடுங்கள். 1998-99இல் மலேசியாவில் நிபா முதலில் வந்தது இப்படித்தான்: பன்றிப் பண்ணையை ஒட்டியே மாமரங்கள், வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள். வங்கதேசத்தில் பன்றியே நடுவில் இல்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவெல்லாம் சாறு சொட்டும்படி பானை கட்டுவார்கள். வௌவால் வந்து அந்தச் சீவலை நக்கும், பானையிலேயே சிறுநீரும் விடும், விடிந்ததும் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்குக் காய்ச்சல். அதே சாற்றை வெல்லமாகக் காய்ச்சினால் பயமில்லை.

மரத்தை வெட்டினால் வௌவால் பக்கத்துத் தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா என்ற நிபாவின் பங்காளி வைரஸைப் பல வருடம் பார்த்ததில், காடு அழிந்து இரை கிடைக்காத சமயங்களில்தான் அது வௌவாலிடமிருந்து குதிரைகளுக்கு அதிகம் தாவியது. நல்ல பழங்களுக்குக் காயிலேயே உறை கட்டிவிடுங்கள். வலை போட்டு அதில் வௌவால் சிக்கினால், பாவம் என்று வெறுங்கையால் எடுக்கப் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: விறகு பொறுக்கப் போன இடத்தில் குரங்கு ஒன்று செத்துக் கிடந்தது. புதைத்துவிடலாமா? (வாசகி, கூடலூர்)

பதில்: கிட்டவே போகாதீர்கள். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் சாகத் தொடங்கிய பிறகுதான் குரங்குக் காய்ச்சல் என்ற ஒன்றே தெரியவந்தது. குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கி அடுத்த உடம்பைத் தேடும். உங்களைக் கடிப்பது குரங்கு இல்லை, அந்த உண்ணிதான். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறையிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்தக் குரங்கைப் பற்றித்தான்.