தட்டைப் பாதத்துக்கு எந்த ஷூ?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 82 கிலோ. கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தேன். அரை மாரத்தான் ஓட ஆசைப்பட்டு ஐந்து வாரமாக ஓடுகிறேன். முதல் வாரம் மொத்தம் 8 கிலோமீட்டர், இப்போது 35. கடையில் பாதத்தை ஸ்கேன் செய்து, தட்டைப் பாதம் என்று சொல்லி, அதற்கென்றே உள்ள ஷூவை 13,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரமாக இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரம் வலிக்கிறது. தவறான ஷூ வாங்கிவிட்டேனா? வெறுங்காலில் ஓடச் சொல்கிறார் நண்பர். ஓடலாமா?

பதில்: உங்கள் வலிக்குப் பெரும்பாலும் ஷூ காரணம் இல்லை. 8 கிலோமீட்டர் ஐந்தே வாரத்தில் 35 ஆனதுதான் சிக்கல். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசையும் ஓரளவு பழகும். எலும்பு அப்படியில்லை. ஓட்டத்தின் பளுவைத் தாங்க அது முதலில் தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னும் ஓடலாம் என்று மூச்சு சொல்லும் நேரத்தில் கால் எலும்பு திணறிக்கொண்டிருக்கும். ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்பிளின்ட்' என்று சொல்லும் வலி இது என்றே நினைக்கிறேன்.

தட்டைப் பாதம் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்திருக்கிறீர்கள். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு இந்த வலி சற்று கூடுதலாக வருவது உண்மை. ஆனால் அது நோய் அல்ல. சுவர் பக்கம் நின்று குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு எழும்பினால் அது நெகிழ்வான பாதம், கவலை வேண்டாம். வளைவு எழும்பாவிட்டாலோ, ஒரு கால் மட்டும் சமீபத்தில் தட்டையாகியிருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பாதத்தின் வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கப் படைகளில் பல ஆயிரம் பயிற்சி வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதத்துக்கேற்ற ஷூ வாங்கியவர்களும், எல்லாருக்கும் பொதுவான ஷூ வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காயப்பட்டார்கள். பாதம் உள்பக்கம் அதிகமாகச் சாயும் சிலருக்கு உங்களிடம் இருப்பது போன்ற ஷூ உதவலாம். அது உங்கள் காலுக்குச் சுகமாக இருந்தால் அதிலேயே ஓடுங்கள். குத்துகிறது, அழுத்துகிறது என்றால் ஸ்கேன் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு அகலத்தில்தான். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அதைக் குறுகலான ஷூவுக்குள் திணித்துவிட்டு, பெருவிரல் நகம் கறுத்துப் போனது ஏன் என்று கேட்டு வருகிறார்கள். கடையில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். அதிலேயே அகலமான அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். நீளத்துக்கு, மிக நீண்ட விரலின் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதையும் கவனியுங்கள். சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு ஷூவையும் மாட்டிக் கடைக்குள்ளேயே நாலு தடவை மெல்ல ஓடிப் பாருங்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஓட்ட ஷூ முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 8 முதல் 12 வரை இருந்தால் கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கும் பளு குறையும், முழங்காலுக்குக் கொஞ்சம் கூடும். உயர வித்தியாசமே இல்லாத ஷூவில் இது தலைகீழ். வெறுங்காலிலும் அதே கதைதான். எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிக்கிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றார், உண்மைதான். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டும் வென்றார். வலியோடு இருக்கும் உங்களுக்கு இப்போது வெறுங்கால் ஓட்டம் வேண்டவே வேண்டாம். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். உங்கள் எடைக்கு 500-ஐத் தாண்டியதுமே கவனியுங்கள். அடிப்பாகம் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், மேலே உள்ள நுரைப் பகுதியில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்து, அமுக்கினால் மீளாமல் இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். சைக்கிளும் நீச்சலும் தாராளமாகச் செய்யலாம். எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கவில்லை என்ற நிலை வந்ததும், ஒருநாள் விட்டு ஒருநாள், 2 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என்று தொடங்குங்கள். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். அரை மாரத்தானை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தால் நிம்மதியாகத் தயாராகலாம். நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஷூ கடிப்பதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

வலி நீளமாகப் பரவாமல் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ, எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும், எம்ஆர்ஐ தேவைப்படலாம். போகும்போது இந்த ஷூவையும் பையில் எடுத்துப் போங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.