அமெரிக்காவில் இருப்பவர் என்ஆர்ஓ வட்டிக்கு 15 சதவீத வரி மட்டும் கட்ட, வரி வசிப்புச் சான்று வாங்குவது எப்படி?

நானும் இதே நிலையில் இருந்தவன். ஊரில் வீட்டை விற்ற பணம் என்ஆர்ஓ டெபாசிட்டில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கில், இருக்கிறது. வங்கி வட்டியில் 30 சதவீதம், அதன்மேல் செஸ், ஆக 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி பிடிக்க வேண்டியது 15தான். ஆனால் நீங்கள் அமெரிக்காவில் வரி கட்டுகிற ஆள் என்று ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) எழுதிக் கொடுத்தால்தான் வங்கி ஒத்துக்கொள்ளும்.

ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். உங்கள் இந்திய வருமானம் மொத்தமே அடிப்படை விலக்கு வரம்புக்குள் என்றால், இந்தியாவில் ரிட்டர்ன் போட்டாலே பிடித்த வரி முழுதும் திரும்பி வரும். அதற்கு இந்தச் சான்று தேவையில்லை.

வரம்பைத் தாண்டுகிறது, அல்லது பணம் மாதக்கணக்கில் முடங்க வேண்டாம் என்றால், ஐஆர்எஸ்ஸுக்கு ஃபார்ம் 8802 போடுங்கள், இந்தச் சான்றுக்கான விண்ணப்பம் அதுதான். தனிநபருக்குக் கட்டணம் 85 டாலர். இணையத்தில் கட்டி, உறுதி எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். பதிலாக வருவதற்கு ஃபார்ம் 6166 என்று பெயர். பார்த்தால் அமெரிக்கக் கருவூலத் துறையின் முகப்புத்தாளில் அச்சிட்ட ஒரு கடிதம், அவ்வளவுதான்.

பலர் தடுமாறுவது விண்ணப்பத்தின் லைன் 7, லைன் 8 இரண்டிலும். ஏழில் எந்த ஆண்டுக்குச் சான்று வேண்டுமோ அந்த ஆண்டு. எட்டில் எந்த ரிட்டர்னை வைத்துச் சான்று தருவார்களோ அதன் காலம், மாதத்தோடு. 2024க்கு நான் கேட்டபோது அந்த ஆண்டு ரிட்டர்ன் இன்னும் போடவில்லை, கடைசியாகப் போட்டது 2023க்கு. அதனால் ஏழில் 2024, எட்டில் 202312 என்று எழுதினேன். நடப்பு ஆண்டுக்குக் கேட்டால், அந்த ஆண்டு முழுதும் அமெரிக்க வரி வசிப்பாளராக இருப்பேன் என்ற உறுதிமொழியும் சேர்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் 1க்கு முன் அனுப்பினால் வாங்க மாட்டார்கள். தேவைப்படும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் அனுப்பச் சொல்கிறார்கள். நான் டிசம்பரிலேயே அனுப்பிவிடுவேன்.

அப்புறம், இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அமெரிக்க ஆண்டு ஜனவரியில். 2024-25க்கு என் வங்கி 2024, 2025 இரண்டுக்கும் சான்று கேட்டது. எடுத்தவுடன் உங்கள் வங்கியைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு நிஜமாகவே வலித்தது பெயர் விஷயம். பான் அட்டையிலும் அமெரிக்க ரிட்டர்னிலும் அப்பா பெயர் முழுதாக இருந்தது, வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும். சான்றைக் கொடுத்தபோது "இது வேறு ஆள் பெயர் சார்" என்று திருப்பிவிட்டார்கள். கணக்கில் பெயரைத் திருத்தி முடிப்பதற்குள் மார்ச் வட்டிக்கும் 31.2 பிடித்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

சான்றோடு, ஒப்பந்தச் சலுகை கேட்பவர் கொடுக்கும் 10எஃப் படிவத்தை இந்திய வருமான வரித் தளத்தில் போட்டு அதன் நகல், பான் நகல், வங்கியின் சுய அறிவிப்புப் படிவம் எல்லாம் கொடுத்தேன். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்கிறேன்.

கூடுதலாகப் பிடித்ததை அமெரிக்க ரிட்டர்னில் அயல்நாட்டு வரிக் கழிவாகக் காட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒப்பந்தப்படி திரும்பக் கேட்டு வாங்கக்கூடிய வரிக்கு ஐஆர்எஸ் கழிவு தராது. அந்த மார்ச் வட்டிக்குப் போனதை நான் இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கினேன்.