பயிற்சிக்கூடம் மணி வாடகைக்கு: சிங்கப்பூர் வாசகர் கேள்விகள்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் இடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடையா, கடைவீட்டின் மேல்மாடியா, தொழிற்கட்டடமா என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் நான் சொல்வதில் பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

என்னிடம் ஒரு கராத்தே கூடம் இருக்கிறது. காலி நேரத்தை மற்ற பயிற்றுநர்களுக்கு விடலாம் என்று நினைக்கிறேன். மணிக்கு எவ்வளவு வாங்கலாம்? (ஈசூன் வாசகர்)

எத்தனை சதுர அடி, மாத வாடகை என்ன, எந்தெந்த நேரம் காலி என்று எதையும் எழுதாமல் விலை மட்டும் கேட்டால் எப்படி? சரி, கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன், உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை 5,000 வெள்ளி. மின்சாரம், ஏர்கான் பராமரிப்பு, துப்புரவு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,000 என்று வைப்போம். மொத்தம் 6,000. நாளுக்கு 24 மணி நேரம் என்று பார்க்காதீர்கள். வார நாளில் மாலை 6 முதல் 10 வரை, வாரயிறுதியில் காலையும் மதியமும், அவ்வளவுதான் காசாகும் நேரம். மாதத்துக்கு 160 மணி வரும். அதில் பாதி நிரம்பினாலே நல்ல மாதம். 6,000ஐ 80ஆல் வகுத்தால் 75 வெள்ளி. கூடம் முழுவதையும் வெளியாட்களுக்கே விட்டால் கை கடிக்காத விலை அது. உங்கள் சொந்த வகுப்புகள் மொத்தச் செலவில் பாதியைச் சுமந்தால் 40 வெள்ளிக்கும் விடலாம். பக்கத்துக் கூடத்தின் விலையைப் பார்த்து வைக்காதீர்கள், அவர் நட்டத்தில் ஓடுகிறாரோ என்னவோ.

பகல் நேரத்தை அரை விலைக்குக் கொடுங்கள். தாய் சீ வகுப்பு நடத்துபவர்கள் பெரும்பாலும் காலை நேரம்தான் கேட்பார்கள்.

காக்கி புக்கிட்டில் கிடங்கு என்று ஓர் அலகு எடுத்திருக்கிறேன். பாய் போட்டு முய் தாய் பயிற்றுநர்களுக்கு விட ஆரம்பித்துவிட்டேன். பிரச்சினை வருமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

வரும். பெயரை மறைத்ததிலிருந்தே உங்களுக்கும் அது தெரியும் என்று புரிகிறது.

பி1 (இலகு தொழில்களுக்கான) தொழிற்கட்டடத்தில் குறைந்தது 60 விழுக்காட்டுப் பரப்பு தொழில்துறைப் பயன்பாட்டுக்கே இருக்க வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. மீதி 40 அந்தத் தொழிலுக்குத் துணையான அலுவலகம் போன்றவற்றுக்கு. உடற்பயிற்சிக் கூடம் அதில் தானாக அடங்கிவிடாது, தனி அனுமதி கேட்க வேண்டும். அடுத்தது உங்கள் வாடகை ஒப்பந்தம். பயன்பாடு ‘கிடங்கு’ என்று இருக்கும், உள்வாடகை கூடாது என்றும் ஒரு விதி இருக்கும். பயிற்றுநரிடம் மணிக்குக் காசு வாங்குவதை உள்வாடகை என்றே கட்டட உரிமையாளர் சொல்லுவார். வீவக கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே வீவகவின் சம்மதமும் பார்க்க வேண்டும்.

உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘அண்ணன் பரவாயில்லைன்னு சொன்னார்’ என்பது சம்மதம் ஆகாது. கட்டடம் கைமாறினால் புது முதலாளிக்கு அந்த அண்ணன் யாரென்றே தெரியாது.

மணி வாடகைக்குப் பொருள் சேவை வரி போட வேண்டுமா? (பிடோக் வாசகர்)

ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாமல், நீங்களாகப் பதிவும் செய்யாமல் இருந்தால் வேண்டாம். பதிவு செய்திருந்தால் 9 விழுக்காடு போட்டே ஆகவேண்டும்.

டேக்வாண்டோ மாஸ்டர் ஒருவர் சனிக்கிழமை 10 முதல் 12 வரை நிரந்தரமாக எடுத்திருக்கிறார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வருவதில்லை, அதனால் அப்போது வாடகை தரமாட்டேன், ஆனால் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்கிறார். நல்ல மனிதர், எப்படி மறுப்பது? (செங்காங் வாசகர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது? அவருடைய வீட்டுக்காரர் ஜூன் மாத வாடகையைத் தள்ளுபடி செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டிறுதியில் ஆறு. மொத்தம் 12 வாரம், ஆண்டில் கிட்டத்தட்ட கால்வாசி. மணிக்கு 60 வெள்ளி, வாரம் இரண்டு மணி என்றால் ஏறக்குறைய 1,500 வெள்ளி. ‘விடுமுறைதானே சார்’ என்று அவர் சாதாரணமாகக் கேட்பது இவ்வளவு பணத்தை. அதுவும் சனிக்கிழமை காலை! வாரத்திலேயே தானாக விற்கும் நேரம் அது. விற்காத மணியை மாவு மாதிரி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஊற்ற முடியாது. போனது போனதுதான்.

அவருக்கு இரண்டு வழி கொடுங்கள். ஒன்று, விடுமுறையில் பாதி வாடகை கட்டி நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும், அந்த வாரங்களில் நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுப்பீர்கள். டிசம்பரில் விடுமுறை முகாம் நடத்துபவர்கள் நாள் முழுக்கக் கேட்டு வருவார்கள், சில சமயம் கூடுதல் விலைக்கே. காசும் தராமல் நேரத்தையும் விடாமல் இருப்பதென்ற மூன்றாவது வழி கிடையாது.

கொஞ்சம் தாராளமாக இருக்க விரும்பினால், ஆண்டுக்கு நான்கு ‘ஓய்வு வாரம்’ இலவசமாகக் கொடுங்கள். எந்தெந்த வாரம் என்று ஜனவரியிலேயே அவர் குறித்துத் தரவேண்டும். சீனப் புத்தாண்டு, தீபாவளி போன்ற பொது விடுமுறையில் கூடத்தை நீங்களே மூடினால் அன்றைக்கு வாடகை கேட்காதீர்கள், அது நியாயமில்லை. ஒரு மாத முன்பணம் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வியாதியையும் சொல்லிவிடுகிறேன். 12 மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு, ‘கடைசியா ஒரு பூம்சே’ (டேக்வாண்டோ அசைவுத் தொடர்) என்று 12.10 வரை போகும். படிக்கட்டில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவர்களுடைய பெற்றோர் உங்களை முறைப்பார்கள். வாடகை நேரம் என்பது வணக்கம் சொல்வது, பாய் துடைப்பது, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போவது எல்லாம் சேர்ந்ததுதான். பத்து நிமிடம் தாண்டினால் அரை மணி வாடகை என்று சுவரில் ஒட்டுங்கள். முதல் தடவையே வாங்குங்கள். மூன்றாவது தடவை கேட்டால் சண்டையில்தான் முடியும்.

சிலம்பம் ஆசான் ஒருவர் இடம் கேட்கிறார். என் கடையின் கூரை உயரம் போதுமா? (தோ பாயோ வாசகர்)

கூரை எவ்வளவு உயரம் என்று நீங்கள்தானே அளந்து எழுதியிருக்க வேண்டும்! நெற்றி உயரக் கம்பு என்றால் ஏறத்தாழ 1.6 மீட்டர். தலைக்கு மேல் சுழற்றும்போது கை 2 மீட்டர் உயரத்தில் இருக்கும், அதற்கு மேல் கம்பின் பாதி. ஆக 2.8 மீட்டர். குதித்து அடிப்பவர்களுக்கு இன்னும் வேண்டும். விளக்கும் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பானும் போக, அவற்றின் கீழே 3 மீட்டருக்கு மேல் இருந்தால் சரி என்று சொல்லுங்கள், இல்லையென்றால் சிறுவர் வகுப்பு மட்டும், குட்டைக் கம்போடு.

தெளிப்பானைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் நடுவில் சிவப்புத் திரவத்தோடு விரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். 68 பாகை செல்சியஸ் சூட்டில் உடைய வேண்டியது அது. கம்பு பட்டாலும் உடையும். உடைந்தால் யாராவது போய் வால்வை மூடும் வரை தண்ணீர் நிற்காது. கீழ்த்தளத்தில் கடை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தெளிப்பானுக்குக் கம்பிக் கூண்டு கிடைக்கும், கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாணவர்களிடம் ‘காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கிவிட்டேன். காப்புறுதி அவசியமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

அவசியம். உங்கள் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், அந்தப் பொறுப்பை ஒரு தாளால் கழற்றிவிட முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பாயின் இணைப்பு பிரிந்து கால் விரல் மாட்டினால் அது உங்கள் தலையில்தான் விழும்.

உங்களுக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். பயிற்றுநரிடமும் தனியாக ஒன்று இருக்க வேண்டும், ஏனென்றால் சண்டைப் பயிற்சியில் ஒரு மாணவர் இன்னொருவரின் மூக்கை உடைப்பது உங்கள் காப்புறுதிக்குள் வராமல் போகலாம். சான்றிதழின் நகலை வாங்கிக் காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இருப்பவரா, முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேரளத்திலிருந்து களரி குரு ஒருவர் சுற்றுப்பயண அனுமதியில் வந்திருக்கிறார். இரண்டு வாரம் வகுப்பு நடத்த இடம் கொடுக்கலாமா? (சிராங்கூன் சாலை வாசகர்)

கூடாது. காசு வாங்கி நடத்தும் வகுப்பு என்றால் அதற்குரிய வேலை அனுமதி வேண்டும். யாராவது விசாரிக்க வந்தால் குரு ஊருக்குப் போயிருப்பார், இடத்தை வைத்திருக்கும் உங்களைத்தான் கேட்பார்கள். வேறு நிறுவனத்தின் வேலை அனுமதியில் இருப்பவர் பகுதி நேரமாகச் சொல்லிக் கொடுப்பதும் இதே கதைதான். சார்ந்திருப்போர் அட்டை (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரப்படுவது) வைத்திருப்பவர் என்றால், 2021 மே மாதத்திலிருந்து வேலை பார்க்க அவர்களுக்கும் பொதுவாகத் தனி வேலை அனுமதி வேண்டும். சந்தேகம் இருந்தால் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பயிற்றுநர் ஒருவர் காணாமல் போய்விட்டார். பெற்றோர் என் கதவைத் தட்டுகிறார்கள். (ஜூரோங் வாசகர்)

பணம் யாருடைய கணக்குக்குப் போனது? அவருடைய பேநவ் (கைப்பேசி வழிப் பணம் அனுப்பும் சேவை) கணக்குக்கு என்றால் ஒப்பந்தம் அவருக்கும் பெற்றோருக்கும் இடையில். அவர்கள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். ஆனால் விளம்பரத்தில் உங்கள் கூடத்தின் பெயரையும் சின்னத்தையும் போட அவரை விட்டிருந்தால், ‘நான் வெறும் இடம் கொடுத்தவன்’ என்ற பேச்சை யார் நம்புவார்கள்? வாடகைக்கு எடுப்பவர் உங்கள் முகவரியை மட்டும் போடலாம், பெயரைப் போடக்கூடாது. இதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மணி வாடகைக்குப் பதில் மாணவர் கட்டணத்தில் 30 விழுக்காடு தருகிறேன் என்கிறார் ஒரு பயிற்றுநர். (பொங்கோல் வாசகர்)

எத்தனை மாணவர் வந்தார்கள் என்று வாசலில் நின்று எண்ணத் தயாரா? இல்லையென்றால் மணி வாடகை.

வாடகைக்கு விட ஆரம்பித்ததிலிருந்து பாய் நாறுகிறது. மாற்ற வேண்டுமா? (கேலாங் வாசகர்)

முதலில் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கறுப்புப் புள்ளி இருந்தால் வியர்வை இணைப்பு வழியாக இறங்கிப் பூசணம் பிடித்திருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில், ஏர்கானை நிறுத்திவிட்டு இரவு முழுக்க மூடிவைத்தால் வேறென்ன ஆகும்? வாரம் ஒருமுறை ஓரங்களைத் தூக்கி மின்விசிறி வையுங்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் கிருமிநாசினியால் துடைப்பது வாடகைதாரரின் வேலை. வாளியும் துடைப்பானும் வைப்பது உங்கள் வேலை. தரையில் உருண்டு பிடிக்கும் ஜியு ஜிட்சு, மல்யுத்த வகுப்புகளுக்குப் பிறகு இதில் சலுகையே கூடாது, படர்தாமரை அங்கேதான் பரவும். பூசணம் பிடித்த துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். அதே தடிமனில் வாங்குங்கள், 25 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் 40 போட்டால் கணுக்கால் பிசகும்.