டீலரா, ஓனரா? விஆர்எஸ் வாங்கப் போகும் ஈரோடு வாசகருக்கு

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 வாங்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கோவை அவிநாசி ரோட்டில் ஒரு டீலரிடம்: 2018 மாடல், 52,000 கி.மீ., 21.5 லட்சம், ஆறு மாத வாரன்டி. இன்னொன்று சென்னை வேளச்சேரியில் ஒரு டாக்டருடையது: 2017 மாடல், முதல் ஓனர், 61,000 கி.மீ., 19.75 லட்சம். நடுவில் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி பவரைக் கூட்டுவது) செய்து ஓட்டியதாகவும், இப்போது பழையபடி ஸ்டாக் ஆக்கிவிட்டதாகவும் அவரே சொன்னார். வீட்டில் டீலர்தான் பாதுகாப்பு என்கிறார்கள். எதை எடுக்கலாம் சார்?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வீட்டில் சொல்வது ஆல்டோவுக்கும் வேகன் ஆருக்கும் சரி. அவற்றை யார் ஓட்டினாலும் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றுதான். விஆர்எஸ் 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். 2017-ல் இங்கே வந்தபோதே ஷோரூம் விலை 25 லட்சத்தை ஒட்டி இருந்தது. அதை வாங்கியவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்திருப்பார். இன்னொருவர் கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயவைக்கும் வசதி) போட்டே பழகியிருப்பார். மீட்டர் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால் இந்த மாதிரி வண்டியில் முதலில் விசாரிக்க வேண்டியது ஓட்டிய ஆளை. அந்த ஆள் டீலரின் கடையில் இருக்க மாட்டார். கேட்டால் "டாக்டர் வண்டி சார்" என்பார்கள். கடையில் நிற்பதெல்லாம் டாக்டர் வண்டிதான். உங்களுக்கு நிஜமாகவே ஒரு டாக்டர் கிடைத்திருக்கிறார்!

டீலர் கேட்கும் கூடுதல் 1.75 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். முதல் கேள்வி, வண்டி அவருடைய சொந்தச் சரக்கா, 'பார்க் அண்ட் செல்'லா? பல யார்டுகளில் விலை உயர்ந்த வண்டிகள் ஓனருடைய பெயரிலேயே நிற்கும். டீலருக்குக் கமிஷன் மட்டும். அப்படியென்றால் பில்லை யார் பெயரில் தருவார்கள் என்று கேளுங்கள். டீலர் தன் பெயரில் ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுத்தால், பின்னால் ஏமாற்றம் என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில் இல்லாமல் பழைய ஓனரின் கையெழுத்துள்ள பெயர் மாற்றப் படிவங்களான ஃபாரம் 29, 30 மட்டும் நீட்டினால், நீங்கள் தனி ஆளிடம் வாங்கியவர் மாதிரிதான்; விலை மட்டும் டீலர் விலை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், தன்னிடம் விற்பனைக்கு வந்த வண்டி பற்றி ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வாரன்டி. தாளை வாங்கி முழுக்கப் படியுங்கள். 'இன்ஜின், கியர்பாக்ஸ்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். டர்போவும், டிஎஸ்ஜி என்கிற இதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பகுதியும் விலக்குப் பட்டியலில் இருந்தால் இந்த வண்டிக்கு அந்தத் தாளால் பயனில்லை. விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய காரில் அந்த வரி டீலருடைய லாபத்தின் மீது மட்டும்தான்.

டாக்டர் வண்டிக்கு வருவோம். ரீமேப்பை அவரே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டேஜ் 1 போட்டால் இந்த இன்ஜின் 300 குதிரைத்திறன் பக்கம் போகும். நல்ல பெட்ரோல், நேரத்துக்கு ஆயில் என்று பார்த்துக்கொண்டால் அது தாங்கக்கூடியதுதான். டீலர் வண்டியிலும் ரீமேப் நடந்திருக்கலாம், சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எந்தக் கடையில் செய்தார், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாற்றினாரா என்று பில்லோடு கேளுங்கள். ஸ்டாக் ஆக்கியதை நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் சரிபாருங்கள்.

டிஎஸ்ஜி ஆயில் விஷயம் முக்கியம். இந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடுவது; 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். டாக்டர் வண்டி 61,000-ல் நிற்கிறது. மாற்றிய பில் இருந்தால் மனுஷன் வண்டியைப் பார்த்துக்கொண்டவர். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டீலர் வண்டிக்கு அந்தச் செலவு இன்னும் 8,000 கி.மீ.யில் உங்கள் தலையில்தான்.

வேளச்சேரி என்றதும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் வருகிறது. அந்த வாரம் வண்டி எங்கே நின்றது என்று நேராகவே கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து வண்டல் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியையும், கார்பெட்டைத் தூக்கி அடியிலும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு இடத்திலும், நீங்கள் வரும் வரை இன்ஜினைத் தொட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சூடாக இருக்கும் இன்ஜின் பல சத்தங்களை மறைத்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரை வைத்துப் பழைய சர்வீஸ் விவரத்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் மீட்டர் என்ன காட்டியது என்று ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்ற யார் மறுக்கிறாரோ, அவர் பெயரை அடித்துவிடுங்கள்.

டாக்டரிடம் வாங்கினால் அலைச்சல் உங்களுடையது. ஆர்சியில் வங்கிக் கடன் ஏறியிருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். கடன் இருந்தால் பணத்தை நேராகக் கடன் கணக்கிலேயே கட்டி, ஆர்சியிலிருந்து கடனை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் வங்கிக் கடிதமும் வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வேண்டாம். அவ்வளவு ரொக்கத்தைக் கையில் பெற வருமான வரிச் சட்டம் யாரையும் அனுமதிப்பதில்லை. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். அவருடைய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சென்னைக்கு டிக்கெட் போடுவேன். டிஎஸ்ஜி பில்லும் புயல் கதையும் சரியாக வந்தால் 19 லட்சத்தில் பேச ஆரம்பியுங்கள், 19.5-க்கு முடியும். இரண்டில் ஒன்று உதைத்தால் கோவை வண்டி. ஆனால் டீலர் பில்லும், டர்போவை உள்ளடக்கிய வாரன்டியும் இருந்தால் மட்டுமே, அதுவும் 20.75-க்கு மேல் போகாதீர்கள்.