உபதலைப்பு 2.1 வராமல் 1.4 என்று வருவது

வணக்கம் தங்கச்சி. இரணைமடு நீர்ப்பாசன அறிக்கையில் இரண்டாம் அத்தியாயத்து உபதலைப்பு 1.4 என்று வருகிறது, திருத்தினாலும் திரும்பக் குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். அத்தியாயத் தலைப்பின் ‘2’ஐக் கையால் அடித்திருப்பீர்கள். அதனால் வேர்டுக்கு இன்னும் முதலாம் அத்தியாயம்தான் நடக்கிறது.

அந்த 2ஐ அழித்துவிட்டு, வரிக்கு ஹெடிங் 1 ஸ்டைலைக் கொடுங்கள். கர்சர் அதிலேயே நிற்க, மல்டிலெவல் லிஸ்ட்டில் ‘டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட்’ திறந்து மோரை அமத்துங்கள். ‘லிங்க் லெவல் டு ஸ்டைல்’ என்ற இடத்தில் லெவல் 1க்கு ஹெடிங் 1, லெவல் 2க்கு ஹெடிங் 2. இந்த இணைப்பை விட்டுவிட்டு வவுனியாவில் ஒரு இரவு முழுக்க மினக்கெட்டிருக்கிறேன்.

தலைப்பில் தமிழ் எழுத்துரு மாறாவிட்டால், ஸ்டைலின் ஃபொன்ட் பெட்டியில் ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் தெரிவு செய்யுங்கள். தமிழுக்கு அதுதான் வேலை செய்யும். பிறகு வேர்ட் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள், அடுத்த அறிக்கைக்கும் உதவும்.