குட்டி ஓட்டம், கெட்ட ஆயில்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, வண்டியை இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவர்களுடையவை. கொஞ்சமாக ஓட்டினால் இன்ஜின் அதிக நாள் வரும் என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் தெரிகிறது.

கே: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பாலாடை மாதிரி வெளிர்பழுப்புப் பசை. ஹெட் கேஸ்கட் (ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெட்ரோல் கார், அலுவலகம் 3 கி.மீ. தூரம்.

இறக்கச் சொன்னவரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். எரியும் பெட்ரோலிலிருந்து உண்டாகும் நீராவியில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் அடைப்பு வளையம்) தாண்டி, ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்தால் அது ஆவியாகி, பிசிவி வால்வு (ஆயில் பகுதியிலுள்ள ஆவியை வெளியே எடுக்கும் சின்ன வால்வு) வழியாக இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் பாதைக்கே போய்விடும். மூன்று கிலோமீட்டரில் ஆயில் 50, 60 டிகிரியைத் தாண்டுவதே பெரிது. ஆவி போக வழியில்லாமல், இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து பசையாகிறது.

மூடியைத் துடைத்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் 30, 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பிறகு திறந்து பாருங்கள். மூடி சுத்தமாக இருந்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் அளவும் குறையாமல் இருந்தால் கேஸ்கட்டுக்கு ஒன்றும் இல்லை. பசை திரும்பி வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிசிவி வால்வு. தனியாகக் கழற்ற முடிகிற மாடலில் எடுத்துக் குலுக்குங்கள், டிக் டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். மூடியில் மட்டுமல்லாமல் டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், அல்லது கூலன்ட் குறைந்துகொண்டே போனால், மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

கே: வருடத்தில் 3000 கி.மீ.தான் ஓடுகிறது. கையேட்டில் 10,000 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதுமே?

அதே வரியில் 'அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்றும் போட்டிருக்கும். பாதி வரியைப் படித்துவிட்டு எழுதாதீர்கள். அடுத்த பக்கத்தில் 'கடுமையான பயன்பாடு' என்று ஓர் அட்டவணை இருக்கிறதா பாருங்கள். எட்டு கிலோமீட்டருக்குக் குறைவான ஓட்டங்களைப் பல கையேடுகள் அதில்தான் சேர்க்கின்றன. அதன்படி உங்களுக்கு ஆறு மாதம் அல்லது 5000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. உங்கள் கணக்கில் ஆறு மாதம்தான் முதலில் வரும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கே: ஆயில் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் கறுத்துவிட்டது. போலி ஆயிலா?

டீசலாக இருந்தால் நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். கரியைத் தன்னோடு சுமப்பது ஆயிலின் வேலை. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கே: வண்டியில் சத்தம் வருகிறது. எந்த ஆயில் போடலாம்?

என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சத்தம் ஸ்டார்ட் செய்ததுமா, சூடான பிறகா, எந்தப் பக்கம்? ஒன்றும் எழுதவில்லை. டயரிலிருந்து வரும் சத்தமாகவும் இருக்கலாம். விவரத்தோடு எழுதுங்கள்.

கே: வண்டியை வாரம் ஒருமுறைதான் எடுப்பேன். இன்ஜினும் பேட்டரியும் கெடாமல் இருக்கத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். போதுமா, இன்னும் அதிக நேரம் விடலாமா?

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, அதுவும் இவ்வளவு அக்கறையோடு. நீங்கள் செய்வது வண்டியைப் பாதுகாப்பதல்ல, தினம் ஒருமுறை அதன் மிக மோசமான பத்து நிமிடத்தை அதற்குக் கொடுக்கிறீர்கள்.

குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசியு (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊற்றும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருப்பதால் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல், சுவரிலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே சம்ப்பில் (ஆயில் தேங்கும் தொட்டியில்) சேரும். ரோட்டில் ஓட்டினால் இன்ஜின் பாரம் இழுக்கும், சீக்கிரம் சூடாகும், இந்தக் கட்டம் சில நிமிடத்தில் முடியும். நின்ற இடத்தில் பாரமே கிடையாது. பத்து நிமிடத்தில் வெப்ப முள் நடுப்பக்கம் நகர்ந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். முள் காட்டுவது கூலன்ட்டின் சூடு. முள் நடுவில் நிற்பதால் ஆயிலும் சூடாகிவிட்டதென்று அர்த்தமில்லை. ஆயிலுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். ஐடிலில் (நின்ற இடத்தில் ஓடவிடும்போது) இன்னும் அதிகம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும். தினம் பத்து நிமிடமென்றால் மாதம் ஐந்து மணி நேரம், மூன்றரை லிட்டருக்கு மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி புகையோடு போய்விடும், மிச்சம் சூடேறாத சைலன்சரிலும் சம்ப்பிலும் தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். சம்ப்பில் தங்கும் நீர், எரிந்த வாயுவின் கசடோடு சேர்ந்து அமிலமாகி, அதை எதிர்க்க ஆயிலில் போட்டிருக்கும் சேர்க்கைப் பொருளைத் தின்னும். ஓடோமீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்காது, ஆயில் தேய்ந்திருக்கும்.

பேட்டரிக்காவது நல்லதா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. ஐடிலில் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ) முழு வேகத்தில் சுற்றாது. கூடவே ஏசி, ஃபேன், விளக்கு போட்டிருந்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம்.

செய்ய வேண்டியது இதுதான். வாரம் ஒருமுறை எடுக்கும்போது 30 நிமிடமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். மற்ற நாட்களில் சாவியைத் தொடாதீர்கள். நல்ல பேட்டரி இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேல் நிற்குமென்றால் சார்ஜர் மாட்டுங்கள், அல்லது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். ஓட்டுகிற நாளில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், ஆயில் அழுத்தம் சில நொடியிலேயே வந்துவிடும். முதல் ஐந்து கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டியில் 2500 ஆர்பிஎம், டீசலில் 2000 தாண்டாமல் ஓட்டுங்கள். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

கே: டீசல் கார், டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ளது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறேன். ஆயில் குறையவே இல்லை, டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது. நல்ல இன்ஜின் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஆயில் தானாகப் பெருகாது. ஏறியிருப்பது டீசல்.

டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காகப் பல இன்ஜின்களில் ஈசியு, எரிப்பு முடிந்த பிறகு இன்னொரு முறை டீசலைத் தெளிக்கும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டுக் கீழே இறங்கும். கரியெரிப்பு முடிய 10 முதல் 20 நிமிடம் தொடர் ஓட்டம் தேவை. நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள், அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, மறுபடி நிறுத்துகிறீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் சம்ப்புக்குப் போகிறது.

பெட்ரோல் வண்டியில் நீண்ட ஓட்டம் ஒன்று போனால் ஆயிலில் கலந்த பெட்ரோல் பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசல் 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும், சம்ப்பின் சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அதில் பெரும்பகுதி அங்கேயேதான் இருக்கும், வடித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சரியாக அளவெடுங்கள்: சமதளம், இன்ஜினை நிறுத்தி பத்து நிமிடம், டிப்ஸ்டிக்கைத் துடைத்து முழுக்கச் செருகி எடுத்துப் பார்ப்பது. பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர். மேல்கோட்டுக்கு மேல் அரை சென்டிமீட்டர் இருந்தாலோ டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தாலோ உடனே ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தாங்காது. அளவு மிதமிஞ்சிப் போனால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. புது ஆயில் டிபிஎஃப்புக்கான குறைந்த சாம்பல் வகையாக இருக்கட்டும். கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தர அளவுகோல்) சி2, சி3 என்கிற மாதிரி போட்டிருப்பார்கள். இனி வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். முடியாதென்றால் இந்தப் பயன்பாட்டுக்கு இந்த வண்டி பொருந்தாது.

கே: குட்டி ஓட்டம்தானே, கூடுதல் பாதுகாப்புக்கு 5டபிள்யூ-30க்குப் பதில் கெட்டியான 20டபிள்யூ-50 போடலாமா?

கூடாது. குளிர்ந்த ஸ்டார்ட்தான் உங்கள் பிரச்சினை. கெட்டி ஆயில் அப்போதுதான் மேலே ஏற நேரமெடுக்கும்.

கே: முழு சிந்தெடிக் போட்டால் பிரச்சினை தீருமா?

குளிரில் நன்றாக ஓடும், அதனால் தேய்மானம் குறையும். பெட்ரோலும் தண்ணீரும் கலப்பதை எந்த ஆயிலும் தடுக்காது. ஆறு மாதக் கணக்கு இதற்கும் உண்டு.

கே: 15 கி.மீ. ஓட்டினாலும் வெப்ப முள் நடுவுக்கு வருவதில்லை. மைலேஜும் குறைந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டியிருந்து, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் முதல் சில நிமிடம் அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் மாற்றுங்கள். இன்ஜின் குளிர்ச்சியாக இருக்குமென்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிற மெக்கானிக்குகள் உண்டு. அப்படிச் செய்தால் எல்லா ஓட்டமும் குட்டி ஓட்டம்தான்.

கே: ஹைப்ரிட் காரில் இன்ஜின் பாதி நேரம் ஓடுவதே இல்லை. ஆயில் இரட்டிப்பு நாள் வருமா?

வராது. விட்டுவிட்டு ஓடுவதால் சூடேற இன்னும் நேரமெடுக்கும். எது முதலில் வருகிறதோ அது.

கே: பேட்டரி ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. தினம் நான்கு முறை ஸ்டார்ட், ஒவ்வொன்றும் 2 கி.மீ.

முழுதாகச் சார்ஜ் ஏறாமலே இருந்தால் தகட்டில் சல்ஃபேட் படியும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. புது பேட்டரி 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜரில் இரவு முழுக்க விடுங்கள்.

கே: காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

சொட்டட்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் மட்டும் எழுதுங்கள், வண்டி விவரத்தோடு.